கசக்காத கிழங்கு

"நாந்தான் கொன்னேன்னு எழுதிக்கங்க ஐயா. ரேகை எல்லாம் வேணாம், எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும்."

கந்தம்மாள் அழவில்லை. பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவள் போல ஸ்டேஷன் பெஞ்சின் நுனியில் உட்கார்ந்து, எதிர்ச் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். ஐம்பது வயதிருக்கும். நகக்கண்ணில் காட்டுமண் அப்பிக் கிடந்தது. வெளியே கொடைக்கானல் மூடுபனியில் காணாமல் போயிருந்தது. காலை பதினோரு மணிக்கு வண்டிகள் விளக்குப் போட்டுக்கொண்டு ஊர்ந்தன.

"பாத்தீங்களா மேடம்?" என்றார் இன்ஸ்பெக்டர் மயில்சாமி. "நான் வாயே திறக்கல. அதுவாச் சொல்லுது. விடிஞ்சதுலேர்ந்து இது நாலாவது தடவை."

"அஞ்சாவது தடவை சொன்னா ஒண்ணு இலவசமா சார்?" என்றான் ஆக்னல்.

மயில்சாமி முறைத்தார். ஆக்னல், துப்பறியும் தேவசேனாவின் உதவியாளன். இதே ஊரில் பிறந்து, சுற்றுலா ஜீப் ஓட்டி, வாய்க்கொழுப்பினால் நான்கு முதலாளிகளிடம் வேலையைத் தொலைத்தவன். தேவசேனாவிடம் மட்டும் மூன்று வருடமாக நிலைத்திருந்தான். அவள் பேசாமல் விட்ட இடமெல்லாம் அவனுக்குக் கிடைத்தது.

தேவசேனா ஸ்வெட்டர் கைக்குள் விரல்களை இழுத்துக்கொண்டாள். விரல் நுனிகள் விறைத்திருந்தன. உள்ளேயும் அப்படித்தான். திண்டுக்கல்லில் ஒரு உணவுப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்த காலத்தில், அவள் கையெழுத்துப் போட்ட தவறான அறிக்கையால் ஓர் எண்ணெய்க் கடைக்காரர் பதினொரு மாதம் ஜெயிலில் கிடந்தார். வெளியே வந்து, "உங்க மேல கோவம் இல்லம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். திட்டியிருந்தால் அழுதிருப்பாள். அன்றிலிருந்து எதுவும் அவளுக்கு உறைப்பதில்லை.

வழக்கு சிக்கலே இல்லாதது என்பது மயில்சாமியின் கட்சி. பெருமாள்மலையிலிருந்து அடுக்கம் போகும் ரோட்டில் ஒரு பண்ணை விடுதி. வாரம் ஒருநாள் கந்தம்மாள் கீழ்மலைக் கிராமமான வெள்ளகவியிலிருந்து வந்து, விருந்தாளிகளைக் காட்டுக்குள் நடத்திக்கொண்டு போவாள். எது கீரை, எது மருந்து, எதைத் தொடக்கூடாது என்று காட்டுவாள். பறித்ததையும் தோண்டியதையும் சமைத்து மத்தியானம் சாப்பாடு. இருபது நாளைக்கு முன்னால் பண்ணையின் சொந்தக்காரர் பொன்னுவேல் பழனியிலிருந்து ஏறி வந்திருந்தார். அடிவாரத்தில் பூஜைச் சாமான் கடை வைத்திருப்பவர். அன்று கிருத்திகை. விரதக்காரர் சோறு தொடமாட்டார் என்பதால் அவருக்கு மட்டும் நூறைக் கிழங்கு என்கிற காட்டு வள்ளியை வேகவைத்தார்கள். மற்ற ஆறு பேரும் சோறும் கீரையும் தின்றுவிட்டு ஊர் போய்ச் சேர்ந்தார்கள். பொன்னுவேல் சாயங்காலம் வாந்தியெடுக்க ஆரம்பித்து, மூன்றாம் நாள் மதுரை ஆஸ்பத்திரியில் செத்துப்போனார். நூறையோடு கண்வலிக்கிழங்கும் கலந்து வெந்திருந்தது என்று அறிக்கை வந்தது. செங்காந்தள் கொடியின் கிழங்கு அது. கொடிய விஷம்.

"தோண்டினது இந்தம்மா. ருசி பாத்து, சாப்பிடலாம்னு சொன்னதும் இந்தம்மா" என்றார் மயில்சாமி. "வெள்ளகவி பொம்பளைங்க ஆறு பேரு மலையேறி வந்து உங்களைக் கூப்பிட்டிருக்காங்களேன்னு பாக்குறேன். நாலு மணிக்கு மாஜிஸ்ட்ரேட் முன்னாடி நிறுத்தணும். அதுவரைக்கும் என்ன வேணா கேட்டுக்கங்க."

தேவசேனா பெஞ்சின் மறுநுனியில் உட்கார்ந்தாள்.

"நீங்க கிழங்கு தோண்டின ஓடைக்கரையில செங்காந்தள் இருந்துச்சாம்மா?"

"கெடையாது தாயி. இருந்தாலும் எனக்குத் தெரியாமப் போகுமா? நூறையில தாடி மாதிரி வேரு தொங்கும். அது வழவழன்னு, கலப்பை மாதிரி வளைஞ்சு கெடக்கும்."

"தோல் சீவி நறுக்கிட்டா?"

"நறுக்கிட்டா ரெண்டும் வெள்ளைதான். அதுக்குத்தான் நாக்கு." அவள் முதல்முறையாகத் திரும்பினாள். "வெந்ததும் பானைக்கு ஒரு துண்டு நாக்குல வச்சுப் பாத்துத் துப்பிருவேன். காறுதா, கசக்குதான்னு. முப்பது வருசமா அதான் வழக்கம். அன்னைக்கும் பாத்தேன். கசக்கலை."

"கண்வலிக்கிழங்கு கசக்கும்தானே?"

"கசக்கும். ஒண்ணு வெந்தாலே பானை முழுக்கக் கசக்கும். அப்ப என்ன அர்த்தம்? என் நாக்கு செத்துப்போச்சு. அந்தச் செத்த நாக்க நம்பி ஒரு மனுசனுக்குச் சோறு போட்டிருக்கேன். எழுதிக்கச் சொல்லுங்க."

தேவசேனா ஆக்னலிடம், "ரைட்டர்கிட்ட காய்ச்சல் மாத்திரை இருக்கான்னு கேளு" என்றாள்.

"காய்ச்சல் யாருக்கு?"

"கேளு."

மாத்திரை வந்தது. அதை ஒடித்து, ஒரு துணுக்கை கந்தம்மாளின் உள்ளங்கையில் வைத்தாள். "நாக்குல வச்சுப் பாருங்க."

வைத்த மறுகணம் கந்தம்மாளின் முகம் சுருங்கியது. ஜன்னல் பக்கம் ஓடிப்போய்த் துப்பினாள்.

"அரசாங்க ஜன்னல்மா!" என்று கத்தினார் மயில்சாமி.

"கசக்குதுல்ல?" என்றாள் தேவசேனா. "நாக்கு சாகலை. அன்னைக்கு மட்டும் அது எங்க போயிருந்துச்சு? பானையைப் பாக்குறதுக்கு முன்னாடி வாயில என்ன போட்டீங்க?"

கந்தம்மாள் முந்தானையால் வாயைத் துடைத்தாள். நெடுநேரம் துடைத்தாள்.

"செத்தவரு மேல பழி போடக்கூடாது தாயி."

"பழி வேணாம். நடந்ததைச் சொல்லுங்க."

"பல்வலிப்பூ." குரல் தாழ்ந்தது. "சட்டைப் பொத்தான் கணக்கா மஞ்சளா இருக்கும். மென்னா வாயெல்லாம் முள்ளு முள்ளா குத்தி, அப்பிடியே மரத்துப்போகும். வர்ற ஆளுங்களுக்கு விளையாட்டுக் காட்டுறதுக்குக் குடுப்பேன். ஆனா சாப்பிட்டு முடிச்ச பெறகுதான். முன்னாடி குடுத்தா ருசி தெரியாதுல்ல? அன்னைக்கு அவரு வந்து கன்னத்தைப் பிடிச்சுக்கிட்டு நின்னாரு. ரெண்டு நாளாப் பல்லு வலியாம். இப்பவே குடுன்னாரு."

"அவருக்குத்தானே பல்வலி? நீங்க ஏன் மென்னீங்க?"

கந்தம்மாள் அவளை வினோதமாகப் பார்த்தாள். "நான் மென்னு காட்டாம ஒரு இலையைக்கூட அடுத்த ஆளுக்குக் குடுக்க மாட்டேன். எங்க பக்கம் யாரும் குடுக்க மாட்டாங்க. பெறகு அவன் எந்த நம்பிக்கையில வாயில போடுவான்? பத்து நிமிசத்துல வெரசா தெளிஞ்சுரும்னு நெனச்சேன். அவரு பசியோட நின்னாரு. துண்டை எடுத்து நாக்குல வச்சேன். ஒண்ணும் தெரியலை. தெரியலைங்கறதும் கசக்கலைங்கறதும் ஒண்ணில்லன்னு அப்ப எனக்கு உறைக்கலை."

"பூவைப் பத்தி பொன்னுவேலுக்கு எப்படித் தெரியும்?"

"யாரோ கேக்கச் சொன்னாங்கன்னாரு. யாருன்னு சொல்லலை."

தேவசேனா எழுந்தாள். மயில்சாமியைத் தனியே அழைத்து, "இந்த அம்மாவோட ரெண்டு பழக்கமும் தெரிஞ்ச ஆள் ஒருத்தர் இருக்கார் சார்" என்றாள். "ருசி பாக்காம பரிமாற மாட்டாங்க. மெல்லாம பூ குடுக்க மாட்டாங்க. பூவைக் கேக்க வச்சா நாக்கு ரெண்டும் ஒரே நேரத்துல அடங்கிரும். சாப்பிடுறவர் நாக்கும், சோதிக்கிறவங்க நாக்கும்."

"கதை நல்லா இருக்கு. ஆளு யாரு?"

"விருந்தாளிங்க பொன்னுவேலை அதுக்கு முன்ன பார்த்ததில்லை. பண்ணையில இருக்கறது ரெண்டே பேர். சமையல்கார தெரசம்மாள். மேனேஜர் செல்வமுருகன், பொன்னுவேலோட அக்கா மகன். மூணு மணிக்கு பண்ணைக்கு வந்துருங்க சார்."

"அந்தப் பூவு எங்க கெடைக்கும்?" என்று ஆக்னல் கந்தம்மாளைக் கேட்டான்.

"இந்தா, இங்கனயே. பின்னாடி சாக்கடை ஓரமாப் பாரு."

இருந்தது. ஸ்டேஷன் கழிவுநீர் ஓடுகிற காலடியில், இதழே இல்லாத மஞ்சள் பொத்தான்கள் காம்பு நீட்டி நின்றன. ஆக்னல் ஒரு கை நிறையப் பறித்துக் குழாயில் கழுவினான். ஜீப் ஏறும்போதே ஒன்றை வாயில் போட்டுவிட்டான்.

"மேடம், ஒண்ணுமே ஆகல. இந்தம்மா சும்மா பில்டப்பு..." என்று தொடங்கியவன் அடுத்த வளைவில் வண்டியை ஓரங்கட்டி, கதவைத் திறந்து எச்சில் துப்பினான். பிறகும் துப்பினான். "நாக்கை யாரோ கரண்ட்டு கம்பத்துல கட்டுறாங்க மேடம்."

"ஓட்டு. மணி பதினொண்ணு ஐம்பது. குறிச்சுக்கறேன்."

வழியில் தேவசேனா பழனிக்குப் போன் போட்டாள். பொன்னுவேலின் மனைவி சுந்தராம்பாள் எடுத்தாள். பதினாறாம் நாள் முடிந்து கடையைத் திறந்துவிட்டாள் போலிருக்கிறது, யாரோ விபூதி விலை கேட்பது காதில் விழுந்தது. ஏறவும் இறங்கவும் செய்யாத குரல்.

"பல்வலின்னு அன்னைக்குக் காலையில போன் பண்ணினாரு. கிராம்பு வச்சுக்கங்கன்னேன். வேணாம், இங்க ஏதோ பூ இருக்காம், கேட்டு வாங்கிக்கச் சொல்லியிருக்காங்கன்னாரு. யாருன்னு நான் கேக்கலைங்க. கேட்டிருக்கலாம். வியாபார நேரம்."

"அவர் எதுக்கு மேல வந்தார்னு தெரியுமா?"

"சொல்லலைங்க. சோலி முடிஞ்சதும் வந்துர்றேன்னாரு." யாருக்கோ விலை சொல்லிவிட்டுத் திரும்பி வந்தாள். "வேற ஏதாச்சும் கேக்கணுமாங்க?"

இல்லை என்று தேவசேனா போனை வைத்தாள். தனக்குள் ஏதாவது அசைகிறதா என்று பார்த்தாள். பனி மட்டும் கண்ணாடியில் நகர்ந்தது.

பெருமாள்மலை சந்திப்பில் ஆக்னல் டீ சொன்னான். ஒரு வாய் குடித்துவிட்டுக் கண்ணாடி டம்ளரை உயர்த்திப் பார்த்தான்.

"அண்ணே, டீத்தூள் போட மறந்துட்டீங்க. சீனியும் மறந்துட்டீங்க. சுடுதண்ணி மட்டும் நல்லா வந்திருக்கு."

"ஏலே, ஸ்ட்ராங்கா போட்டிருக்கேன். நாக்கு கெட்டவனுக்கெல்லாம் டீ போட்டா இப்பிடித்தான்" என்றார் கடைக்காரர்.

"யாரு நாக்கு கெட்டவன்? மேடம், நீங்க குடிச்சுப் பாருங்க!"

தேவசேனா குடித்தாள். திடமான, நல்ல டீ. கடிகாரத்தைப் பார்த்தாள். பன்னிரண்டு இருபது. அரைமணி நேரம் ஆகியும் ஆக்னலின் நாக்கு திரும்பவில்லை. பத்து நிமிடத்தில் தெளிந்துவிடும் என்று நம்பியிருந்தாள் கந்தம்மாள். விருந்தாளிகள் எல்லாரும் சாப்பாட்டுக்குப் பிறகே மென்றதால் எவ்வளவு நேரம் மரத்துப்போகிறது என்று அளந்து பார்க்கும் அவசியமே அவளுக்கு வந்ததில்லை.

"கடைக்காரர்கிட்ட மன்னிப்புக் கேளு" என்றாள்.

"நாக்கு வந்த பெறகு கேக்கறேன் மேடம். இப்ப கேட்டா அதுவும் சப்புன்னு இருக்கும்."

பண்ணை விடுதி காப்பிச் செடிகளுக்கும் மிளகுக் கொடிகளுக்கும் நடுவே சரிவில் இருந்தது. மூன்று அறைகள், ஒரு நீளக் கூடம், பின்னால் விறகு அடுப்புச் சமையலறை. விருந்தாளிகள் யாரும் இல்லை. தெரசம்மாள் வாசலுக்கே வந்துவிட்டாள். கனத்த உடம்பு, கழுத்தில் சிலுவை. அவள் பெற்றோர் சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவர்கள், அந்தப் பேச்சு அவளிடமும் ஒட்டியிருந்தது.

"தேத்தண்ணி போடவா, கோப்பியா பிள்ள?"

"அப்புறமா. அன்னைக்குக் கிழங்கைத் தோல் சீவினது நீங்கதானே?"

"நான்தான். கந்தம்மா தோண்டிக் குடுத்தனுப்பிச்சு. சீவி, நறுக்கி, தண்ணிச் சட்டியில போட்டு இந்தா இந்தத் திட்டுல வச்சேன். ஓடைக்கரையில நின்ட ஆக்களுக்குத் தேத்தண்ணி கொண்டு போனேன். திரும்பி வர அரைமணி இருக்கும். அப்படியே அடுப்புல ஏத்தினேன்."

"அந்த அரைமணி இங்க யார் இருந்தா?"

"பெரியவர் ரூம்ல படுத்திருந்தார், பல்லு வலியோட. தம்பி முன்னால கம்ப்யூட்டர்ல."

தேவசேனா பையிலிருந்து பூவை எடுத்துக் காட்டினாள்.

"இது தெரியாமலா? பல்லுக்கு வைக்கிறது." தெரசம்மாள் வாயைத் திறந்து கடைவாய்ச் சொத்தையைச் சுட்டிக்காட்டினாள். ஆக்னல் மரியாதைக்காக எட்டிப் பார்த்தான்.

"பெரியவர் எதுக்கு வந்தார்னு தெரியுமா?"

தெரசம்மாள் குரலைத் தாழ்த்தினாள். "விடுதிய சித்திரைக்குள்ள மூடிரச் சொன்னார். பூண்டிப் பக்கத்து ஆளு ஒருத்தருக்கு இடத்தைக் குடுக்கப் போறாராம். தம்பி எட்டு வருசமாக் கட்டி எழுப்பினது. எனக்கும் இனி வேலை இல்ல. அதைக் கேட்டு ரெண்டு நாள் நான் தூங்கவேயில்ல."

முன்பக்கம் நடக்கையில் ஆக்னல் காதருகே வந்தான். "மேடம், முடிஞ்சுது. பூவும் தெரியும், கத்தியும் கையில, வேலையும் போகுது. அக்காவை அள்ளிட்டுப் போலாம்."

"தெரியும்னு சொல்றவங்களை அப்புறமா அள்ளிக்கலாம்."

செல்வமுருகன் வெளியே போயிருந்தான்; மூன்று மணி நெருங்கும்போதுதான் கூடத்துக்கு வந்தான். முப்பத்தைந்து வயது, மூன்று நாள் தாடி. மாமாவின் காரியங்களில் நின்று நின்று குரல் கட்டியிருந்தது. தெரசம்மாள் அவன் முன்னால் வைத்துவிட்டுப் போன காப்பியில் ஆவி பறந்தது. ஒரு வாய் குடித்துவிட்டுப் பேசினான்.

"எனக்குச் செடி கொடி ஒண்ணும் தெரியாது மேடம். ரூம் புக்கிங், ஜீப், கெஸ்ட், அதோட என் சோலி முடிஞ்சது. காட்டு நடை எல்லாம் கந்தம்மா டிபார்ட்மென்ட். எட்டு வருசத்துல நான் ஒரு தடவைகூடப் போனதில்லை."

"சொந்த ஊர் எது?"

"ஒட்டன்சத்திரம் பக்கம். அப்பா விவசாயம்."

"மாமா எதுக்கு வந்திருந்தார்?"

"சும்மா. பாத்துட்டுப் போகத்தான்."

"அவருக்குப் பல்வலின்னு தெரியுமா?"

"அப்படியா? எங்கிட்டச் சொல்லலையே."

தேவசேனா தலையசைத்தாள். கேள்விகள் தீர்ந்துபோனவள் போலப் பையை மூடினாள். மூடும்போது நினைவு வந்தவளாக இரண்டு பூவை எடுத்தாள்.

"உங்க குரல் ரொம்பக் கம்மியிருக்கு. தொண்டைக்கு நல்லதுன்னு கீழ ஒருத்தங்க குடுத்தாங்க. மென்னு பாருங்க. என்ன பூன்னு தெரியுதா?"

செல்வமுருகன் ஒன்றை வாங்கிப் புரட்டிப் பார்த்தான். "தெரியலையே. ஏதோ களை. பாத்ததே இல்லை."

"இவனும் சாப்பிட்டான். ஒண்ணும் ஆகல."

"ஆகாதுங்க" என்றான் ஆக்னல். அதற்கு மேல் அவனே ஒன்றும் சொல்லாதது அதிசயம்.

செல்வமுருகன் பூவை இடது உள்ளங்கையில் வைத்துக்கொண்டான். வலது கையால் காப்பியை எடுத்து, ஊதி ஊதி, கசடு தெரியும்வரை குடித்து முடித்தான். டம்ளரை வைத்து உதட்டைத் துடைத்தான். அப்புறம்தான் பூவை வாயில் போட்டான்.

வெளியே போலீஸ் ஜீப் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. மயில்சாமி இரண்டு கான்ஸ்டபிள்களோடு உள்ளே வந்து, "மணி மூணேகால் மேடம்" என்றார்.

"காப்பி எப்படி இருந்துச்சு?" என்று தேவசேனா செல்வமுருகனைக் கேட்டாள்.

"நல்லா இருந்துச்சு." அவன் எச்சிலை விழுங்கினான். "ஏன்?"

"இந்தப் பூவைப் பத்தித் தெரியாதவன் என்ன செய்வான் தெரியுமா? குடுத்ததும் வாயில போடுவான். அப்புறம் டீயைக் குடிச்சிட்டுக் கடைக்காரர்கிட்டச் சண்டைக்குப் போவான். இவன் போனான்."

"இன்னும் மன்னிப்பு பாக்கி இருக்கு" என்றான் ஆக்னல்.

"நீங்க அப்படிச் செய்யலை. கொதிக்கிற காப்பியை ஊதி ஊதி முடிச்சிட்டு, அப்புறம் போட்டீங்க. பூவைப் போட்டா ருசி போயிரும்னு உங்களுக்குத் தெரியும். களைன்னு சொன்ன செடியைப் பத்தி."

செல்வமுருகன் சிரிக்கப் பார்த்தான். மரத்த உதடு ஒத்துழைக்கவில்லை. "காப்பி ஆறிரும்னு குடிச்சேன் மேடம். இதெல்லாம் ஒரு சாட்சியா? இன்ஸ்பெக்டர் சார், நீங்களே சொல்லுங்க."

மயில்சாமி தேவசேனாவைப் பார்த்தார். அந்தப் பார்வையில், இது கோர்ட்டில் நிற்காது என்று எழுதியிருந்தது. அவளுக்கும் அது தெரியும். நாலு மணிக்கு முக்கால் மணி நேரம் இருந்தது. அவளிடம் வேறொன்றும் இல்லை.

அப்போது காலி டம்ளரை எடுக்க வந்த தெரசம்மாள் மேஜைமேல் கிடந்த மற்றொரு பூவைப் பார்த்தாள்.

"தம்பிக்கும் பல்லு வலியா?" என்றாள் பரிவோடு. பிறகு தேவசேனாவிடம் திரும்பினாள். "போன மழைக்காலம் எனக்கு முகமே வீங்கிப் போச்சு பிள்ள. இறங்கி ஆஸ்பத்திரிக்குப் போகவும் வண்டி இல்ல. தம்பிதான் ஓடைக்கரையில போய் இந்தப் பூவைப் பறிச்சு வந்து தந்தது. முதல்ல சோத்தைத் தின்னுங்க அக்கா, அப்புறம் வைங்க, இல்லாட்டி உப்புப் புளி ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லித் தந்ததும் தம்பிதான். அதுக்கு முந்தி எனக்கு இது என்னன்டே தெரியாது."

செல்வமுருகன் மெல்லுவதை நிறுத்தினான். தெரசம்மாள் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். சொல்லக்கூடாத எதையோ சொல்லிவிட்டோம் என்று அவளுக்குப் புரிந்தது, எதை என்றுதான் புரியவில்லை. டம்ளரை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

அடுப்படியில் அவளிடம் பூவைக் காட்டியபோது, அதை யாரிடமிருந்து தெரிந்துகொண்டாள் என்ற ஒரு கேள்வியைத் தான் கேட்காமல் விட்டதைத் தேவசேனா உணர்ந்தாள்.

செல்வமுருகன் கத்தவில்லை, ஓடவில்லை. வாயிலிருந்த பூவைத் துப்பி, கைக்குட்டையில் மடித்து வைத்துக்கொண்டான்.

"மாமாவுக்கு நிஜமாவே பல்வலி மேடம்" என்றான். நாக்கு குழறியது. "அதை நான் உண்டாக்கல. வந்து கன்னத்தைப் பிடிச்சுக்கிட்டு, சித்திரைக்குள்ள காலி பண்ணுன்னு சொன்னாரு. அப்பத்தான் இந்தப் பூவு ஞாபகம் வந்துச்சு. கண்வலிக்கிழங்கு போன தடவை ஊர்லேர்ந்து வந்தப்பவே கொண்டு வந்தது. எதுக்குக் கொண்டு வந்தேன்னு எனக்கே தெரியாது. ரெண்டு நாள் வயித்தால போகும், இடமே ராசியில்லைன்னு பயந்து இறங்கிப் போயிருவாருன்னு..."

"நிறுத்து" என்றார் மயில்சாமி. "உங்க ஊர்ல தோட்டம் தோட்டமா கம்பிப்பந்தல் போட்டு விதைக்காக வளக்கிற கொடி அது. அந்தக் கிழங்கை நடுற ஆளுங்க கை கழுவாம வெத்தலைகூடப் போட மாட்டாங்க. உனக்கு அதோட வீரியம் தெரியாதுன்னு என்கிட்டச் சொல்லாத."

செல்வமுருகன் எழுந்து கான்ஸ்டபிள்களோடு வெளியே நடந்தான். வண்டியில் ஏறும்போது தெரசம்மாளைப் பார்த்து, "கோழிக்குத் தண்ணி வைங்கக்கா" என்றான். தெரசம்மாள் தலையாட்டினாள். நெடுநேரம் ஆட்டிக்கொண்டே இருந்தாள்.

ஸ்டேஷனுக்குத் திரும்பியபோது நாலரை. பனி இன்னும் இறங்கியிருந்தது. வெள்ளகவிப் பெண்கள் ஆறு பேரும் சுவர் ஓரமாகக் குந்தியிருந்தார்கள். கந்தம்மாள் அதே பெஞ்சில், அதே நுனியில். மயில்சாமி காகிதத்தை நீட்டினார்.

"இதுல கையெழுத்துப் போட்டுட்டு வீட்டுக்குப் போம்மா. சாட்சிக்குக் கூப்பிட்டா வரணும். அந்தப் பையன்தான் கலந்திருக்கான். உன் மேல ஒண்ணும் இல்லை."

கந்தம்மாள் நிதானமாக ஒவ்வொரு எழுத்தாகப் போட்டாள். பேனாவைத் திருப்பிக் கொடுத்தாள். முகத்தில் எந்த மாறுதலும் இல்லை.

"அவருக்குக் கசக்கவே இல்லையா தாயி?" என்று தேவசேனாவைக் கேட்டாள்.

"இல்லைம்மா. அவருக்கும் மரத்துப் போயிருந்துச்சு."

"முழுசாத் தின்னாரு. நல்லா இருக்குன்னு வேற சொன்னாரு." அவள் கைகளை மடியில் போட்டுக்கொண்டாள். "கேஸுல நான் இல்லை. சரி. பானையில நாந்தானே?"

தேவசேனாவுக்குச் சொல்லத் தெரிந்த ஆறுதல்களையெல்லாம் பதினொரு மாதம் ஜெயிலில் இருந்த மனிதர் முன்னாலேயே அவள் மனதுக்குள் சொல்லிப் பார்த்திருந்தாள். எதுவும் நின்றதில்லை.

"பழனிக்கு பஸ்ஸு இருக்கா?" என்றாள் கந்தம்மாள்.

"வீட்டுக்குப் போகலையா?"

"அந்தம்மாகிட்ட போலீஸு சொல்லும். பேப்பர்ல போடுவாங்க. துண்டை நாக்குல வச்சுப் பாத்து, குடுக்கலாம்னு சொன்னவ நானு. நான் போய்ச் சொல்லணும்ல?"

வெளியே பெண்கள் எழுந்து நின்றார்கள். ஆக்னல் ஜீப்பின் பின்கதவைத் திறந்து, கயிறுகளையும் ஸ்டெப்னியையும் ஒதுக்கி இடம் பண்ணினான். ஏழு பேர் எப்படி உட்காருவார்கள் என்று வழக்கமாக அவன் சொல்லக்கூடிய எதையும் சொல்லவில்லை.

பெருமாள்மலை தாண்டிப் பழனி ரோட்டில் திரும்பிய பிறகு தேவசேனா போனை எடுத்தாள். "அம்மா, நான் தேவசேனா. கடையில இருப்பீங்களா? ஒருத்தங்க உங்களைப் பாக்க வர்றாங்க."

"யாருங்க?" என்றது ஏறாத, இறங்காத அந்தக் குரல்.

தேவசேனா வாயைத் திறந்தாள். பின் சீட்டிலிருந்து ஒரு கை தோளுக்கு மேலாக நீண்டு வந்தது.

"குடு தாயி."

கந்தம்மாள் போனை இரண்டு கையாலும் பிடித்துக் காதில் வைத்தாள்.

"நான் கந்தம்மா பேசுறேன்" என்றாள். "கிழங்கை ருசி பாத்துக் குடுத்தவ."

மறுமுனையில் யாரோ கற்பூரம் கேட்பது கேட்டது. பிறகு அதுவும் நின்றது. ஜீப் மூன்று வளைவு இறங்கியது. தேவசேனா திரும்பிப் பார்க்காமல், தன் தோளுக்குப் பின்னால் கந்தம்மாளின் மூச்சை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தாள். சுந்தராம்பாள் இன்னும் பேசவில்லை. போனை வைக்கவும் இல்லை.